கோடைக்குத் தக்காளித் தொக்கு: புதிதாகச் சமைப்பவர்களுக்கான செய்முறை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக் காலத்தின் 61 நாள்களும் விசைப்படகுகள் கரையிலேயே நிற்பதால், பாம்பனிலிருந்து தொண்டி வரையுள்ள கடலோர ஊர்களில் மீன் வரத்து குறைந்து, நாட்டுப்படகு கொண்டுவரும் மீனுக்கும் விலை ஏறிவிடுகிறது. அந்த நாள்களில் காலைப் பழைய சோற்றுக்கும் மதிய மோர்ச் சோற்றுக்கும் தொட்டுக்கொள்ளத் தக்காளித் தொக்கு ஒரு ஜாடி இருந்தால் போதும். நூறு கிராம் தக்காளியில் ஏறக்குறைய 94 கிராம் நீர்தான் என்பதால், அந்த நீரைப் பொறுமையாக வற்றவைப்பதே இந்தச் சமையலின் முழு வேலையும் ஆகும்.

தேவையானவை: நன்கு பழுத்த நாட்டுத் தக்காளி 1 கிலோ, இராமநாதபுரம் குண்டு மிளகாய் 12, கொட்டை நீக்கிய புளி நெல்லிக்காய் அளவு, நல்லெண்ணெய் 100 மில்லி, கல்லுப்பு 2 தேக்கரண்டி, கடுகு 1 தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி, பெருங்காயம் சிறிது, கருப்பட்டி ஒரு சிறு துண்டு. பெங்களூர்த் தக்காளியில் புளிப்பு குறைவு. அதுதான் கிடைத்தது என்றால் புளியைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் தோல் தடிமனாக இருப்பதால், அரைக்கும்போது விழுது கெட்டியாகவும் நல்ல நிறமாகவும் வருகிறது.

படி 1. மிளகாயையும் புளியையும் அரை டம்ளர் வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, அதே நீரைவிட்டு மைய அரைத்து வையுங்கள்.

படி 2. ஒவ்வொரு தக்காளியின் அடியிலும் கத்தியால் கூட்டல் குறிபோல் கீறி, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துக் குளிர்ந்த நீரில் இடுங்கள். கீறிய இடத்தில் சுருண்டு நிற்கும் தோலைப் பிடித்து இழுத்தால் முழுவதுமாக உரிந்துவிடும். பிறகு காம்புப் பகுதியை வெட்டியெறிந்து, பழத்தைப் பொடியாக நறுக்குங்கள். மிக்சியில் அரைப்பது எளிதுதான், ஆனால் அரைத்த தக்காளி அடுப்பில் அதிகமாகத் தெறிக்கும்.

படி 3. புளிப்பு பட்டால் அலுமினியம் கரையும் என்பதால், அடி கனத்த எவர்சில்வர் பாத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதி எண்ணெயைக் காயவைத்துக் கடுகு, பெருங்காயம் தாளித்து, தக்காளியையும் உப்பையும் சேர்த்து நடுத்தரத் தீயில் வதக்குங்கள். பாதியளவு வற்றியதும் மிளகாய் விழுதைச் சேர்த்து, தீயைக் குறைத்து, நீளக் கரண்டியால் அடிவரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

படி 4. புதியவர்கள் பெரும்பாலும் அவசரப்படும் இடம் இதுதான். முதலில் தளதளவென்று பெரிய குமிழ்கள் வெடிக்கும். நீர் குறையக் குறைய அந்த ஓசை அடங்கி, எண்ணெயில் பொரியும் மெல்லிய சலசலப்பாக மாறும். அப்போது கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். இருபுறமும் வழிந்து கோட்டை மூடினால் இன்னும் நீர் இருக்கிறது; பாத்திரத்தின் அடி தெரிந்தபடியே நின்று, ஓரங்களில் சிவந்த எண்ணெய் கசிந்தால் பதம் வந்துவிட்டது. ஒரு கிலோவுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். வெந்தயப் பொடியையும் கருப்பட்டியையும் சேர்த்து, மீதி எண்ணெயையும் ஊற்றி, இரண்டு நிமிடம் கிளறி இறக்குங்கள்.

கடற்கரைக் காற்றின் ஈரத்தில் எதுவும் விரைவில் பூசணம் பிடிக்கும் என்பதால், வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்த கண்ணாடி ஜாடியில் ஆறிய தொக்கை நிரப்பி, மேலே எண்ணெய் மிதக்கும்படி விட்டு, குளிர்பெட்டியில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் மட்டும் எடுத்துவந்தால் மூன்று வாரம் வரை பயன்படுத்தலாம். பூசணம் தெரிந்தால் மேலாக வழித்துவிட்டு உண்ணாமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள். சேமித்து வைக்கும் தொக்கில் வெங்காயமும் பூண்டும் வேண்டாம்.

கருவாட்டுத் தொக்கு வேண்டுமென்றால், தலை கிள்ளிய நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் அலசி, எண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்து, அந்த வேளைக்கு வேண்டிய தொக்கை மட்டும் தனியே எடுத்து அதில் புரட்டிக்கொள்ளுங்கள். கருவாட்டிலேயே உப்பு இருப்பதால் மேற்கொண்டு உப்புப் போடத் தேவையில்லை.