வெள்ளைப் புள்ளியெல்லாம் சுண்ணாம்பு அல்ல

எங்கள் ஸ்கான் அறைக்குப் பயிற்சிக்கு வரும் இளம் டொக்டர்மாரின் தைரொயிட் றிப்போர்ட்டுகளைத் திருத்தும்போது, என் தொடக்ககாலப் பிழைகளையே திரும்ப வாசிக்கிறேன். வலம் இடம் மாறுவது, அளவு பிசகுவது இரண்டையும் விடுவோம். அவை தாமாகத் திருந்தும். ஒன்றைப் பார்த்து இன்னொன்றென்று எழுதும் பிழைகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

வால் உள்ள புள்ளி

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். வற்றாப்பளைப் பொங்கலுக்கு முந்திய கிழமை. கட்டியில் பாதி நீர், பாதி சதை; நீர்ப் பகுதியில் வெள்ளைப் புள்ளிகள். புற்றுநோயைச் சந்தேகிக்க வைக்கும் ‘நுண்சுண்ணப் படிவு’ என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்காக அவர் மாங்குளம் வந்து ஏ-9 வீதியால் யாழ்ப்பாணத்துக்கு எத்தனை தரம் போனார்! ஒவ்வொரு தரமும் ஒரு நாள் கூலி போனது. இரண்டு முறை ஊசி குத்தி எடுத்தும் சோதிக்கக் கலங்கள் போதவில்லை. கடைசியில் சுரப்பியின் பாதியை எடுத்தார்கள். அது புற்றுநோயல்ல, சுரப்பியின் கூழ் தேங்கிய வெறும் கொலோயிட் கட்டி. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறாது.

கொலோயிட் பளிங்கில் பட்ட ஒலி அதற்குள்ளேயே மோதி மோதித் திரும்புவதால், புள்ளிக்குப் பின்னால் வால்வெள்ளிபோல ஒரு வால் விழும். சிறு நீர்க்குழியின் பின்சுவரும் வெள்ளையாய் மினுங்கும். பல கோணப் படங்களைக் கலந்து காட்டும் ‘கொம்பவுண்ட்’ மெஷினில் போட்டிருந்தால் வால் மங்கிவிடும். அதை நிறுத்தி, கழுத்தில் வைக்கும் புறோப்பைச் சரித்துப் பாருங்கள். தைரொயிட் கட்டியின் தோற்றத்துக்கு மார்க் போடும், 2017 இல் வந்த அமெரிக்க டைராட்ஸ் முறையில், சதையும் நீரும் கலந்த, சாதாரண சாம்பல் நிறக் கட்டிக்கு 2 மார்க்தான், ஊசி வேண்டாம். நுண்சுண்ணம் என்றால் 3 கூடி 5 ஆகும், 1.5 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால் ஊசி. ஆனால் வால் இருக்கிறதென்று எல்லாவற்றையும் தள்ளிவிடவும் கூடாது. சதைப் பகுதிக்குள் குட்டை வாலோடு நிற்கும் பொடிப் புள்ளிக்கு அந்த 3 உண்டு.

அழற்சியில் தெரியும் ‘கட்டி’

ஹஷிமோட்டோ என்ற தைரொயிட் அழற்சியில் சுரப்பி முழுக்கத் திட்டுத்திட்டாய் இருக்கும். புறோப்பைத் தொண்ணூறு பாகை திருப்புங்கள். உண்மையான கட்டி அப்போதும் உருண்டையாய் நிற்கும்.

இடப்பக்கம், சுரப்பிக்குப் பின்னால்

அங்கே வெள்ளைப் புள்ளிகளோடு கட்டிபோல ஒன்று தெரிந்தால், ஒரு மிடறு தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லுங்கள். வெள்ளைப் புள்ளிகள் அசைந்தால் அது காற்று. கட்டியல்ல, களத்தில் (உணவுக் குழாயில்) உள்ள பை.

வற்றிய நீர்க்கட்டி

நீர் எடுத்த கட்டி சுருங்கினால் கறுத்து, ஓரம் குழம்பி, அசல் புற்றுநோய்போலவே தெரியும். பழைய படம் இருந்தால் ஒரு நொடியில் விளங்கும். இங்கே 2009 இடப்பெயர்வில் கொப்பி, படம் எல்லாம் தொலைத்த குடும்பங்கள் எத்தனையோ. புறோப்பை வைக்க முதலே, “அம்மா, முந்தி எப்பவாவது கழுத்தில ஊசி போட்டு நீர் எடுத்தவையோ?” என்று கேளுங்கள்.