சான்றிதழிலும் சபையிலும் ஒரே பெயர்

ஆதிதிராவிடர் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்துவை ஏற்று ஞானஸ்நானம் பெற முன்வரும் ஒருவரிடம் தமிழ்நாட்டில் உறவினர் முதலில் கேட்பது விசுவாசத்தைப் பற்றி அல்ல, "சான்றிதழில் மதம் என்ன என்று எழுதப் போகிறாய்?" என்றுதான் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயரும் வட்டாட்சியர் அலுவலகத்தில் இன்னொரு பெயருமாக வாழும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்த இரட்டை வாழ்க்கையை விட்டு வெளியே வர விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று இயேசு சொன்னார். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குங்கள். 1950-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியினராகக் கருத மறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்ட பின்னும் கிறித்தவரும் இஸ்லாமியரும் வெளியேதான் நிற்கிறார்கள். வெளிப்படையாகக் கிறித்தவர் என்று பதிவு செய்தால், பட்டியல் சாதியினருக்கான மாநில இடஒதுக்கீடான 18 விழுக்காடும், உள்ளாட்சியின் தனித்தொகுதிகளும், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தரும் பாதுகாப்பும் கைவிட்டுப் போகும். ஊர் உங்களை இன்னமும் சேரிக்காரராகவே நடத்தும்; சட்டம் மட்டும் அப்படிக் கருதாது. இது அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. இதை மாற்றக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானமும் நிறைவேற்றியது. எனினும் அநீதியான சட்டத்தை எதிர்ப்பது வேறு, அதற்குப் பொய்யால் வழி தேடுவது வேறு என்றே நான் நம்புகிறேன்.

இழப்பதை எழுதிய தாளின் மறுபக்கத்தில் எஞ்சியிருப்பதையும் எழுதுங்கள். அச்சத்தில் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவம் தழுவியவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகைகள் பலவும் 'கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிட' மாணவர்களுக்கும் உண்டு; அரசின் அறிவிப்புகளில் இந்தச் சொற்றொடரைத் தேடிப் பாருங்கள். தொழில் கடனுக்கு டாம்கோ எனப்படும் சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது. மத்திய அரசுப் பணிக்கு ஓபிசி எனப்படும் இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழைத் தனியாகப் பெற வேண்டும். அதற்கு வருமான வரம்பு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

கணக்கு முடிந்த பின், வீட்டாருடன் பேசுங்கள். இழப்பு உங்களோடு நிற்பதில்லை. பிள்ளையின் கல்லூரி இடத்தையும் வேலைவாய்ப்பையும் அது தொடும். பத்தாம் வகுப்பில் படிக்கும் மகளுக்குத் தெரியாமல் அவளுடைய சான்றிதழை மாற்றுவது விசுவாசம் ஆகாது. அவளையும் உட்காரவைத்து, என்ன போகும், என்ன மிஞ்சும் என்று ஒளிக்காமல் சொல்லி, அவள் அழுதால் அழவிட்டு, ஆற அமர முடிவெடுங்கள். முடிவெடுத்தால், பள்ளிப் பதிவேடு, ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றில் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்.

ஏற்கெனவே பட்டியல் சாதிச் சான்றிதழால் வேலை பெற்று, பின்னர் விசுவாசத்துக்கு வந்தவரின் நிலை கடினமானது. புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறித்தவராக வாழ்ந்துகொண்டே இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று கோருவதை ஏற்க மறுத்தது. எனவே உணர்ச்சி வேகத்தில் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிடாமல், பணியாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரை முதலில் பாருங்கள். மதம் மாறிய நாளுக்குச் சான்றான ஞானஸ்நானப் பதிவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செலவைத் தனிக் குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்தும் சபைகள் மீது எனக்கு வருத்தம் உண்டு. திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்து, 1745-இல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம் பிள்ளை, அரசுப் பதவியையும் சாதிப் பெருமையையும் இழந்து, 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்; 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதே வடக்கன்குளத்தில்தான் பின்னாளில் கோயிலுக்குள் சாதியைப் பிரிக்கச் சுவர் எழுந்தது. சாதிச் சலுகையை விட்டு வந்தவனுக்குச் சாதியற்ற இடத்தையாவது சபை தர வேண்டாமா? ஆகவே உங்கள் ஆயரிடம் இரண்டு காரியங்களைக் கேளுங்கள்: சலுகை இழந்த பிள்ளைகளுக்கான கல்வி நிதி, கல்லறையிலும் நிர்வாகக் குழுவிலும் சம இடம். கூச்சப்பட வேண்டாம், இது பிச்சை அல்ல.

பழைய சான்றிதழை விட முடியாமல் இருக்கும் அண்டை வீட்டாரைச் சபையில் வைத்துக் குத்திக்காட்டாதீர்கள். அவர்களின் பெயர் சபைப் பதிவேட்டில் இல்லாவிட்டாலும், அந்த வீட்டில் சாவு விழுந்தால் முதல் ஆளாய்ப் போய் நில்லுங்கள்.