பனிப்போரைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ் நாளிதழ்களில் ‘பனிப்போர்’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒரே கட்சியின் இரண்டு தலைவர்கள் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் பனிப்போர். அமைச்சருக்கும் அதிகாரிக்கும் ஒத்துப்போகாவிட்டால் பனிப்போர். மனஸ்தாபம் என்பதே அந்தச் சொல்லுக்கு நாம் கொடுத்துவிட்ட பொருள். அதே நினைப்போடு இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வரலாற்றைப் படிக்க உட்காரும் மாணவர், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முறைத்துக்கொண்டு நின்றன, நல்லவேளையாக யாரும் சாகவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். போட்டித் தேர்வு மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். விடைத்தாள்களில் நான் அதிகம் சந்திக்கும் தவறு இதுதான். என்னை அதிகம் வருத்துவதும் இதுதான்.

வாஷிங்டனும் மாஸ்கோவும் வெளிப்படையாகப் போர் தொடுத்துக்கொள்ளவில்லை என்பது மட்டுமே உண்மை. வெளிப்படையாக என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. கொரிய வானத்தில் சோவியத் விமானிகள் சீன, வடகொரிய அடையாளங்களோடு ரகசியமாகப் பறந்து அமெரிக்க விமானங்களோடு மோதினார்கள். அந்தக் கொரியப் போரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இந்தோனேசியாவில் 1965–66இல் கம்யூனிஸ்டுகள் என்றும் அவர்களுக்கு வேண்டியவர்கள் என்றும் கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 5 லட்சம் பேர் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த சோவியத் படை 1989 பிப்ரவரியில் வெளியேறுவதற்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்கானியர்கள் நாட்டைவிட்டு ஓடியிருந்தார்கள்.

லாவோஸைப் பற்றித் தேர்வில் கேள்வி வருவதில்லை. ஆனாலும் வகுப்பில் அதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. அந்தச் சிறிய நாட்டின் மீது 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் 20 லட்சம் டன்னுக்கும் மேல் குண்டு போட்டன. வடவியட்நாமின் சரக்குப் பாதை அந்தக் காடுகள் வழியே போனதும், அங்கே கம்யூனிஸ்ட் படைகள் வலுப்பெற்றதும் காரணம். போடப்பட்டவற்றில் கொத்துக் குண்டுகள் ஏராளம். ஒரு பெரிய உறை நடுவானில் பிளந்து நூற்றுக்கணக்கான சிறு குண்டுகளைச் சிதறடிக்கும். ஒவ்வொன்றும் டென்னிஸ் பந்து அளவுதான் இருக்கும். அப்படி விழுந்த சுமார் 27 கோடியில் 8 கோடி வரை வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன. லாவோஸ் மக்கள் அவற்றை ‘பாம்பி’ என்கிறார்கள். போர் முடிந்த பிறகு பிறந்த குழந்தைகள் அதைப் பந்தென்று கையில் எடுத்தார்கள். வயலில் மண்வெட்டி பட்டு வெடித்துச் செத்த விவசாயிகள் எத்தனையோ பேர். இதையெல்லாம் ‘பதற்றம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடாதீர்கள்.

அடுத்தது பெர்லின் சுவர். ஜெர்மனியின் வரைபடத்தை வரையச் சொன்னால், மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து, அதற்குப் பெர்லின் சுவர் என்று பெயர் எழுதுகிறார்கள். இரு ஜெர்மனிகளுக்கும் இடையே இருந்த எல்லை வேறு; அது சுமார் 1,400 கிலோமீட்டர் நீளம், 1952லேயே அடைக்கப்பட்டுவிட்டது. பெர்லின் நகரமோ கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியின் வயிற்றுக்குள், எல்லையிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது; ஆனால் அதன் மேற்குப் பாதி மேற்கு நாடுகளின் பிடியில் இருந்தது. 1961 ஆகஸ்ட் 13 அன்று எழத் தொடங்கிய சுவர் மேற்கு பெர்லினைச் சுற்றி வளைத்தது. மொத்தம் சுமார் 155 கிலோமீட்டர். அதில் 43 கிலோமீட்டர்தான் நகரின் இரு பாதிகளுக்கும் நடுவே ஓடியது. சுற்றி வளைக்கப்பட்டது மேற்கு பெர்லின், சிறைப்பட்டது கிழக்கு ஜெர்மனி மக்கள். இந்த முரண் பிடிபட்டால்தான் சுவர் எதற்காக எழுந்தது என்பது பிடிபடும். வேலை தெரிந்தவர்களும் இளைஞர்களும் லட்சக்கணக்கில் அந்த ஒரு வாசல் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அதை அடைக்காமல் ஆட்சி நிற்க முடியாது என்ற நிலை.

பெர்னாவர் தெருவை ஒருமுறை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். அங்கே ஒரு வரிசை வீடுகள் கிழக்கு பெர்லினைச் சேர்ந்தவை. அவற்றின் வாசலில் இருந்த நடைபாதை மேற்கு பெர்லினைச் சேர்ந்தது. படியிறங்கினால் அடுத்த உலகம். முதலில் வாசற்கதவுகளை அடைத்தார்கள். மக்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். மேற்குப் பக்கத்துத் தீயணைப்பு வீரர்கள் கீழே வலைத்துணியை விரித்துப் பிடித்தார்கள். பிறகு ஜன்னல்களுக்கும் செங்கல் ஏறியது. ஆகஸ்ட் 22 அன்று அறுபதை நெருங்கிய ஒரு பெண் தன் மெத்தை விரிப்புகளைக் கீழே எறிந்துவிட்டு, அவற்றின் மேல் விழலாம் என்று மாடியிலிருந்து குதித்து இறந்தார். அந்தச் சுவரால் உயிரிழந்தவர்களில் முதலாமவர் அவர்.

கம்யூனிஸ்ட் நாடுகள் எல்லாம் மாஸ்கோவின் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்று எழுதுவதையும் கைவிட வேண்டும். 1948லேயே டிட்டோ தலைமையிலான கம்யூனிஸ்ட் யூகோஸ்லாவியா ஸ்டாலினிடமிருந்து பிரிந்துவிட்டது. 1969 மார்ச்சில் உசூரி ஆற்றுத் தீவு ஒன்றுக்காகச் சோவியத் வீரர்களும் சீன வீரர்களும் சுட்டுக்கொண்டார்கள். 1979 பிப்ரவரியில் சீனா வியட்நாம் மீது படையெடுத்தது. கம்போடியாவில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியை விரட்டியது கம்யூனிஸ்ட் வியட்நாம், விரட்டப்பட்டவர்களுக்கு ஐ.நா. இருக்கை தொடர ஆதரவு தந்ததோ சீனாவும் அமெரிக்காவும். சோவியத்–சீனப் பிளவின் சூடு இந்தியாவையும் தொட்டது. 1964இல் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி உடைந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அமெரிக்க அணியிலும் சோவியத் அணியிலும் சேராத நாடுகளின் அணிசேரா இயக்கத்தைப் பற்றி இரண்டு பிழைகள். ஒன்று, அது 1955இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் பிறந்தது என்பது. பாண்டுங்கில் கூடியவை 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள். அவற்றில் கம்யூனிஸ்ட் சீனாவும் இருந்தது, அமெரிக்காவோடு ராணுவ ஒப்பந்தம் போட்டிருந்த பாகிஸ்தானும் துருக்கியும் இருந்தன. அந்தக் கூட்டத்தை அணிசேராதவர்கள் என்று எப்படி அழைப்பது? கருத்துக்கு அங்கே விதை விழுந்தது என்று சொல்லலாம். இயக்கம் உருவானது 1961 செப்டம்பரில், யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடில்.

இரண்டாவது பிழை, அணிசேராமை என்றால் மதில்மேல் பூனை என்பது. தன் மக்களுக்கு எது வேண்டுமோ அதைக் கேட்டு வாங்கும் உரிமையைத்தான் அந்த நாடுகள் காத்துக்கொண்டன. அந்த இயக்கம் பிறப்பதற்கு முன்பே இலங்கை இதைச் செய்து காட்டியது. 1952இல் அங்கே ஆண்டது கம்யூனிசத்தை அடியோடு வெறுத்த ஐக்கிய தேசியக் கட்சி. ரப்பர் விலை சரிந்திருந்தது, அரிசிக்குத் தட்டுப்பாடு. கொரியப் போரால் தடைக்குள்ளாகியிருந்த சீனாவுக்கோ ரப்பர் தேவைப்பட்டது. தூதரக உறவுகூட இல்லாத நிலையில் இரு நாடுகளும் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டன: ஆண்டுக்கு 2,70,000 டன் அரிசிக்கு 50,000 டன் ரப்பர். அமெரிக்கா முகம் சுளித்தது, கொழும்பு பின்வாங்கவில்லை. அதே கட்சியின் பிரதமர் ஜான் கொத்தலாவலதான் பாண்டுங்கில் எழுந்து, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் செய்வதும் காலனியம்தான் என்று பேசி நேருவை எரிச்சலூட்டினார். இவரை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? தமிழ்நாட்டிலும் பாருங்கள்: நெய்வேலி அனல்மின் நிலையம் சோவியத் உதவி, சென்னை ஐ.ஐ.டி. மேற்கு ஜெர்மனியின் உதவி. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தவை.

சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளை நிறுத்தியதால் 1962இல் எழுந்த கியூபா ஏவுகணை நெருக்கடிக்கு வருவோம். அமெரிக்க அதிபர் கென்னடி கண் இமைக்காமல் நின்றார், சோவியத் தலைவர் குருஷ்சேவ் பணிந்தார் என்ற கதை இன்னும் நம் பாடக் குறிப்புகளில் ஓடுகிறது. 1962 அக்டோபர் 27 இரவு அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினைச் சந்தித்தார். துருக்கியில் இருந்த அமெரிக்க ஜூபிட்டர் ஏவுகணைகளும் அகற்றப்படும், ஆனால் அதை வெளியே சொல்லக் கூடாது என்பது அங்கே தரப்பட்ட வாக்கு. 1963 ஏப்ரலுக்குள் அவை அகற்றப்பட்டன. பேரம் பேசித்தான் உலகம் பிழைத்தது. பேரத்தை மறைத்ததால் முரட்டுப் பிடிவாதத்துக்குப் புகழ் சேர்ந்தது. அதே நாளில், கியூபா அருகே கடலுக்கடியில் அணு டார்பிடோவோடு இருந்த பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியைச் சுற்றி அமெரிக்கக் கப்பல்கள் எச்சரிக்கைக் குண்டுகளைப் போட்டன. உள்ளே மின்கலம் தீர்ந்துகொண்டிருந்தது, வெப்பம் தாங்கவில்லை, மாஸ்கோவோடு தொடர்பில்லை. போர் தொடங்கிவிட்டதென்று நினைத்து டார்பிடோவை ஏவும் பேச்சு எழுந்தபோது தடுத்தவர் வசிலி அர்க்கிபோவ் என்ற அதிகாரி. விடைத்தாளில் குருஷ்சேவ், கென்னடி பெயர்களை எழுதுகிறவர்கள் அர்க்கிபோவின் பெயரையும் எழுத வேண்டும் என்பது என் ஆசை.

சீனப் படை இமயத்தில் இந்தியா மீது பாய்ந்ததும் அதே அக்டோபரில்தான், 20ஆம் தேதி. இரண்டையும் தனித்தனிப் பாடங்களாகப் படிப்பதால் இது நம் கண்ணில் படுவதில்லை. கியூபா நெருக்கடியில் சீனாவின் தயவு தேவைப்பட்டிருந்த மாஸ்கோவின் கட்சி ஏடு பிராவ்தா, அந்த வாரத்தில் சீனாவின் பக்கம் சாய்ந்து எழுதியது. நேரு அமெரிக்காவிடம் ஆயுதம் கேட்க நேர்ந்தது. தேதிகளை அருகருகே வைத்துப் படித்தால் டெல்லியின் தவிப்பு புரியும்.

சிறு பிழைகளும் உண்டு. சோவியத் ஒன்றியத்தை ரஷ்யா என்று எழுதாதீர்கள்; அது 15 குடியரசுகள். ஸ்டாலின் ஜார்ஜியாக்காரர். சோவியத் ராக்கெட்டுகளின் தந்தை கொரோலேவ் பிறந்த ஊர் உக்ரைனில் இருக்கிறது. 1989 நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்ததையும், 1991 டிசம்பரில் சோவியத் கலைந்ததையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். இடையில் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. லிதுவேனியாவின் சுதந்திரப் பிரகடனமும், மாஸ்கோவில் தோற்றுப்போன ஆட்சிக் கவிழ்ப்பும், 90 சதவீதத்துக்கு மேல் விடுதலைக்கு வாக்களித்த உக்ரைனும் அந்த இடைவெளியில்தான் வருகின்றன. அமெரிக்க அதிபராக இருந்த ரீகன் மட்டுமே வென்றார் என்று ஒரு வரியில் முடிக்கிறவர்கள் இந்த மக்களையெல்லாம் அழித்துவிடுகிறார்கள்.

1991இல் எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதும் முன் கொரியாவை ஒருமுறை பாருங்கள். 1953 ஜூலை 27 அன்று அங்கே கையெழுத்தானது சண்டை நிறுத்தம்; சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. பிரிந்துபோன குடும்பங்கள் சிலவற்றை 2018 ஆகஸ்டில் வடகொரியாவின் கும்காங் மலை விடுதியில் சந்திக்கவிட்டார்கள். போரில் ஓடியபோது நான்கு வயது மகனைத் தவறவிட்ட ஒரு தாய் தெற்கிலிருந்து வந்தார். அவருக்கு 92 வயது. மேசையின் மறுபுறம் இருந்த மகனுக்கு 71.