ஒரே கிராபிக்ஸ் கார்டைப் பல விஎம்களுக்குக் கொடுப்பது எப்படி (வீட்டு ப்ராக்ஸ்மாக்ஸ் கணினியில்)

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டு இறங்குங்கள்: ப்ராக்ஸ்மாக்ஸ் என்பது ஒரே கணினியில் பல விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டும் மென்பொருள். அதில் கார்டை ஒரு விஎம்முக்கே கொடுத்துவிடுவது (பாஸ்த்ரூ) வேறு, பலருக்கும் பகிர்வது வேறு. பாஸ்த்ரூ செய்தால் அந்த விஎம் ஓடும் வரை கார்டு வேறு யாருக்கும் கிடைக்காது, ப்ராக்ஸ்மாக்ஸ் ஓடும் கணினிக்கும் (ஹோஸ்ட்) தான். என்விடியாவின் விஜிபியு என்ற பகிர்வு முறை டேட்டாசென்டர், தொழில்முறைக் கார்டுகளுக்கானது, அதற்கு லைசென்ஸும் வாங்க வேண்டும். அதனால் வீட்டில் இருக்கும் ஒரு என்விடியா ஜிஃபோர்ஸ் கார்டை ஜெல்லிஃபின் (வீடியோ சர்வர்), ஒலாமா (ஏஐ மாடல்களை ஓட்டுவது) இரண்டுமே பயன்படுத்த வேண்டுமென்றால், விஎம்மை மறந்துவிட்டு எல்எக்ஸ்சி கன்டெய்னருக்கு (விஎம்மை விட லேசான தனிச்சூழல்) போங்கள். விண்டோஸில் கேம் ஆட வேண்டும் என்றால் மட்டும் பாஸ்த்ரூ.

கன்டெய்னர் வழி எளிது, ஏனென்றால் அது ஹோஸ்ட்டின் கெர்னலையே (இயங்குதளத்தின் மையப்பகுதி) பயன்படுத்துகிறது. ஹோஸ்ட்டில் என்விடியா டிரைவரைப் போடுங்கள், அப்புறம் அதே பதிப்பை ஒவ்வொரு கன்டெய்னரிலும் போடுங்கள், ஆனால் அங்கே கெர்னல் மாட்யூல் வேண்டாம் என்ற ஆப்ஷனோடு. பதிப்பில் கடைசி எண் மாறினாலும் வேலை செய்யாது. ஹோஸ்ட்டில் அப்டேட் செய்யும் நாளிலேயே கன்டெய்னர்களிலும் செய்துவிடுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2 முதல் டிவைஸ்களை வெப் திரையிலேயே சேர்க்கலாம்: என்விடியா0, என்விடியாசிடிஎல், என்விடியா-யுவிஎம். இந்த மூன்றாவதை விட்டுவிட்டால் கன்டெய்னருக்குள் என்விடியா-எஸ்எம்ஐ (கார்டின் நிலையைக் காட்டும் கட்டளை) கார்டை அழகாகக் காட்டும், ஆனால் குடா (கார்டில் கணக்கீடு செய்யும் முறை) மட்டும் ஓடாது, எங்கே தப்பு என்று தேடித் தேடிக் களைத்துப்போவீர்கள்.

நினைவகம் பிரித்துத் தரப்படாது என்பதையும் மனதில் வையுங்கள். 12 ஜிபி கார்டில் ஒலாமா 9 ஜிபி பிடித்திருந்தால் ஜெல்லிஃபினுக்கு மிச்சம் 3 ஜிபிதான். ஒலாமா தானாக 5 நிமிடம் சும்மா இருந்தால் மாடலை இறக்கிவிடும் என்பதால் வீட்டு உபயோகத்துக்கு இது பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

சரி, பாஸ்த்ரூதான் வேண்டும் என்றால்: பயோஸில் இன்டெல் என்றால் விடி-டி, ஏஎம்டி என்றால் ஐஓஎம்எம்யூ ஆன் செய்யுங்கள். விடி-எக்ஸ் (விஎம்களை ஓட்டுவதற்கானது) வேறு, அதை ஆன் செய்துவிட்டு இதுவும் ஆயிற்று என்று நினைக்காதீர்கள். ஹோஸ்ட்டின் திரைக்கு சிபியுவில் உள்ள கிராபிக்ஸை முதன்மையாக வையுங்கள். பிறகு கார்டு எந்த ஐஓஎம்எம்யூ குரூப்பில் (பிரிக்க முடியாத சாதனங்களின் தொகுப்பு) இருக்கிறது என்று பாருங்கள், ஒரே குரூப்பில் இருப்பவை எல்லாம் சேர்ந்துதான் போகும். உங்கள் கார்டின் பிசிஐ எண் (போர்டில் அதன் முகவரி) 01:00.0 என்றால் அதன் எச்டிஎம்ஐ ஆடியோ 01:00.1 என்று பக்கத்திலேயே இருக்கும், இரண்டையும் சேர்த்து விஎஃப்ஐஓ (சாதனத்தை விஎம்முக்கு ஒப்படைக்கும்) டிரைவரிடம் கொடுங்கள். அதே குரூப்பில் டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா கன்ட்ரோலரும் இருந்தால் நிறுத்திவிட்டு கார்டை வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள்.

விஎம்மின் அமைப்புகளில் இவற்றைத் தேர்ந்தெடுங்கள்: மெஷின் கியூ35, பயோஸ் ஓவிஎம்எஃப், சிபியு வகை ஹோஸ்ட். ரேம் 16 ஜிபி ஒதுக்கினால் 16-ம் முழுசாகப் போய்விடும், பலூனிங் (பயன்படாத ரேமைத் திரும்ப வாங்குவது) இங்கே உதவாது. பழைய கட்டுரைகளில் விஎம்மில் என்விடியா டிரைவர் ஓட மறுத்துக் காட்டும் பிழை 43-க்காக விஎம் என்பதையே மறைக்கும் வித்தைகள் சொல்லியிருப்பார்கள், 2021-இல் என்விடியாவே ஜிஃபோர்ஸ் பாஸ்த்ரூவை அனுமதித்துவிட்டதால் புதிய டிரைவரில் அதற்குத் தேவையில்லை.

ஒரு அனுபவம் சொல்கிறேன். நான் முதல்முறை கார்டைச் செருகி ஆன் செய்ததும் ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கமே திறக்கவில்லை, போர்டே போய்விட்டது என்று பயந்துவிட்டேன். மானிட்டரை மாட்டிப் பார்த்தால், புதிய கார்டு வந்ததில் பிசிஐ எண்கள் ஒன்று தள்ளிப்போய், நெட்வொர்க் கார்டின் பெயரில் இருந்த 3 என்பது 4 ஆகியிருந்தது. நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் ஃபைலில் அந்த ஒரு எண்ணைத் திருத்தியதும் எல்லாம் வந்துவிட்டது. அதனால் கார்டைச் செருகும் முன் மானிட்டரும் கீபோர்டும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.