சேவை செய்யப் போகிறீர்களா? முதலில் கம்பெனி விடும் நேரத்தைக் கேளுங்கள்

பல்லடம் பக்கம் ஒரு தறிக் கிராமத்தில் பெண்களுக்குத் தையல் மிஷின் கொடுத்தோம். மாலை, மேடை, போட்டோ எல்லாம் ஆயிற்று. ஆறு மாதம் கழித்துப் போனால், ஒரு மிஷின் மேல் மாட்டுத்தீவன மூட்டை. அந்த வீட்டு அக்கா சிரித்தார்: "தைக்கத் தெரியாதுன்னு ஆரு சொன்னாங்க தம்பி? புள்ளையைப் பாத்துக்க ஆளிருந்தா நாங்களே பனியன் கம்பெனிக்குப் போயிருவோமுங்க." அங்கன்வாடி சாயங்காலத்துக்குள் மூடிவிடும்; கம்பெனி விட ராத்திரி எட்டாகும். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

அடுத்து, கூட்டம் போடும் இடம். கோயில் திடலில் போட்டால் ஊரே வரும் என்பார்கள். வராது. வளவிலிருந்து, அதாவது ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் குடியிருப்பிலிருந்து வரும் அருந்ததியர் குடும்பங்கள் ஓரமாக நின்று, வாய் திறக்காமல் திரும்பிவிடும். 'ஊர் சம்மதித்துவிட்டது' என்று நாம் நோட்டில் எழுதிக்கொள்வோம். வளவிலேயே தனியாக உட்கார்ந்து கேட்டால் குடிநீர்க் குழாய், சுடுகாட்டுப் பாதை என்று வேறு பட்டியல் வரும். ஊர்ப் பெரியவர்களுக்கு வருத்தம் வரலாம், வரட்டும். நாள் பார்ப்பதும் முக்கியம். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள், அன்று கூட்டம் வேண்டாம்.

நொய்யல் ஆற்றைச் சுத்தம் செய்யப் போகிறவர்கள் பிளாஸ்டிக் பொறுக்குவதோடு நின்றுவிடுகிறார்கள். சாயக்கழிவால் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் கெட்ட விவசாயியும் இதில் பாதிக்கப்பட்டவர். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை இழந்த தொழிலாளியும் அப்படித்தான். ஒருவரை மட்டும் கேட்டுவிட்டுப் பேசினால் மற்றவர் நம்மை நம்பமாட்டார்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் 'பேசி முடித்துக்கலாம்' என்ற பேச்சே கூடாது. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம், படிக்கிற வயதில் வேலை என்றால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள். பாலியல் கொடுமையென்றால், போக்சோ சட்டப்படி தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமலிருப்பதே குற்றம். அந்தக் குழந்தையின் படத்தை வாட்ஸ்அப்பில் போடுவதும் குற்றம். நல்லெண்ணத்தில் போட்டோம் என்பது எடுபடாது.

சரி, அந்த அக்காவின் குழந்தைக் காப்பகக் கோரிக்கையை எங்கே கொண்டுபோவது? கிராம சபைக்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. மனு எழுத உதவலாம். ஆனால் மைக்கை நாம் வாங்கிப் பேசாமல் அவரையே பேசவிடுங்கள். தீர்மான நோட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.