நிரலில் சுரம் வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியில் சுரம் வாசிக்க நிரல் எழுதிப் பழகுகிறவர்களில் கர்நாடக இசை தெரிந்தவர்கள் பெரும்பாலும் சரளி வரிசையில்தான் (சுரங்களை ஏறியிறங்கிப் பழகும் முதல் பாடம்) தொடங்குகிறார்கள். அதற்குரிய மாயாமாளவகௌளை ராகத்தின் சுரங்களை ஓர் அரேயில் போட்டு, லூப் ஓட்டி, விண்டோஸின் வின்எம்எம் நூலகத்துக்கு மிடி செய்தி (சுரத்தை ஒலிக்கவோ நிறுத்தவோ எண்களில் சொல்லும் கட்டளை) அனுப்பினால் போதும். சி ஷார்ப்பில் நாற்பது, ஐம்பது வரி. சீக்கிரம் ஒலி வந்துவிடுவதால், உள்ளே இருக்கும் பிழைகள் யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரே பிழைகள் ஒவ்வொரு புதியவரின் நிரலிலும் அச்சு மாறாமல் வருவதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

ஸ்பீக்கர் அணைந்திருந்தது, டிஎல்எல் பெயரில் எழுத்துப்பிழை போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

எண்களை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். மிடியில் ஒவ்வொரு சுரத்தானத்துக்கும் 0 முதல் 127 வரை ஓர் எண் உண்டு. 69 என்பது 440 ஹெர்ட்ஸ். மற்றவற்றுக்கு: அலைவெண் = 440 × 2^((எண் − 69) ÷ 12). ஸட்ஜமத்தை 48இல் வைத்தால் மாயாமாளவகௌளை 48, 49, 52, 53, 55, 56, 59, 60. ஒரு சுரத்தைத் தொடங்கும் செய்தி 144, நிறுத்துவது 128. முதல் சேனலில் (சேனல்களின் எண் 0இலிருந்து தொடங்குவதால் இது சேனல் 0) 48ஆம் சுரத்தை 100 வேகத்தில், அதாவது அந்த அளவு பலத்தோடு அடிக்க, 144 + 48 × 256 + 100 × 65536, அதாவது 6566032 என்ற ஒரே எண்ணை அனுப்ப வேண்டும்.

ஸ்லீப்பை நம்பித் தாளம் போடுவது

மற்ற எல்லாத் தவறுகளையும் விட எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். சுரத்தைத் தொடங்கு, ஸ்லீப் 150 (நிரலை 150 மில்லி விநாடி உறங்கவை), சுரத்தை நிறுத்து, ஸ்லீப் 16, அடுத்த சுரம். தொடக்கநிலைப் பாடங்கள் பலவற்றில் இப்படித்தான் இருக்கிறது. பார்க்க நியாயமாகவும் இருக்கிறது. நிமிடத்துக்கு 90 அட்சரம் (தாளத்தின் எண்ணிக்கை), மூன்றாம் காலத்தில் அட்சரத்துக்கு நான்கு சுரம் என்றால் ஒரு சுரத்துக்கு 166.67 மில்லி விநாடி. 150ஐ ஒலிக்கும் 16ஐ இடைவெளிக்கும் கொடுத்தாயிற்று. அப்புறம் என்ன குறை?

ஸ்லீப் என்பது “இவ்வளவு நேரம் கழித்து எழுப்பு” என்ற கட்டளையே இல்லை. “இவ்வளவு நேரம் போன பிறகு, உனக்குத் தோதான அடுத்த கணத்தில் எழுப்பு” என்ற விண்ணப்பம். விண்டோஸின் கடிகாரம் வழக்கமாக விநாடிக்கு 64 முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்கு 15.625 மில்லி விநாடி. உறங்கும் த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) அந்தத் துடிப்பில்தான் விழிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 கேட்டால் பத்துத் துடிப்பு, 156.25. 16 கேட்டால் ஒரு துடிப்பு போதாது, இரண்டாகிறது: 31.25. கூட்டினால் ஒரு சுரம் 187.5. நீங்கள் எழுதியது நிமிடத்துக்கு 90, கேட்பது 80.

இதே கணக்கை முதல் காலத்துக்குப் போட்டால் (அட்சரத்துக்கு ஒரு சுரம்; 600, 66) வேகம் 87.3 வருகிறது. இரண்டாம் காலத்துக்கு (அட்சரத்துக்கு இரண்டு சுரம்; 300, 33) 83.5. ஆக, காலம் ஏற ஏற அடிப்படை வேகம் இறங்குகிறது. ஒரே காலப்பிரமாணத்தில் நின்று சுரங்களை மட்டும் இரட்டிப்பதற்காகத்தான் சரளி வரிசையே இருக்கிறது. அதைக் கற்றுக்கொடுக்கிற மென்பொருள் அதையே தவறாகச் செய்கிறது. கூடவே சரியாக 90இல் ஓடும் மிருதங்கப் பதிவு ஒன்றைப் போட்டால், மூன்றாம் காலத்தில் ஓர் ஆதிதாள ஆவர்த்தனம் (எட்டு அட்சரச் சுற்று) 5.33 விநாடிக்குப் பதிலாக 6 விநாடி எடுக்கும். ஒரே ஆவர்த்தனத்தில் ஓர் அட்சரம் முழுசாகப் பின்தங்கிவிடும். அடுத்த சமத்தில் (சுற்றின் தொடக்கத்தில்) மிருதங்கம் ஓரிடம், சுரம் ஓரிடம்.

இங்கே பலரும் செய்கிற ஒட்டுவேலை இன்னும் மோசம். “கொஞ்சம் மெதுவாகப் போகிறது” என்று 150ஐ 130 ஆக்கிவிடுகிறார்கள். தங்கள் கணினியில் காதுக்குச் சரியாகப் படும்வரை எண்ணை மாற்றுகிறார்கள். அந்த எண்ணுக்கு வேறெந்தக் கணினியிலும் பொருள் இல்லை. விண்டோஸ் 10இன் “2004” என்ற எண்ணுள்ள பதிப்புக்கு (அது ஆண்டல்ல) முன்பு வரை, ஏதோ ஒரு மென்பொருள் கடிகாரத் துடிப்பை 1 மில்லி விநாடிக்குக் குறைத்தால் அது கணினி முழுவதற்கும் பொருந்தியது. உலாவியோ வீடியோ பிளேயரோ அப்படிக் குறைத்திருந்தால், அது திறந்திருக்கும்போது நிரல் ஒரு வேகத்தில் ஓடும், மூடினால் வேறு வேகத்தில் ஓடும். அந்தப் பதிப்பிலிருந்து, குறைப்பது கேட்ட மென்பொருளுக்கு மட்டுமே. எனவே உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்களே டைம்பிகின்பீரியட் 1 என்று கேட்க வேண்டும். முடியும்போது டைம்எண்ட்பீரியட் 1 கொடுத்துத் திருப்பிவிட வேண்டும்.

அதைக் கேட்டுவிட்டால் தீர்ந்ததா என்றால், பாதிதான். துடிப்பு 1 மில்லி விநாடி ஆனாலும் ஒவ்வொரு ஸ்லீப்பும் கொஞ்சம் கூடுதலாகவே உறங்கும். திரையில் சுரத்தின் பெயரை எழுதும் நேரம், மிடி செய்தி அனுப்பும் நேரம் எல்லாம் அதன்மேல் சேரும். சேருவதுதான் உண்மையான நோய். ஒவ்வொரு சுரமும் முந்தைய சுரம் முடிந்த இடத்திலிருந்து நேரத்தை எண்ணுவதால், முந்தையதன் பிசகைச் சுமந்துகொண்டே போகிறது. பைத்தானில் 3.11ஆம் பதிப்பிலிருந்து ஸ்லீப் நுட்பமான டைமரைப் பயன்படுத்துகிறது, ஆனால் இந்தச் சேர்மானம் அங்கேயும் அப்படியே இருக்கிறது.

மருந்து எளிது. நேரத்தை முந்தைய சுரத்திலிருந்து அளக்காமல் பாட்டின் தொடக்கத்திலிருந்து அளக்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் ஒன்றைத் தொடக்கத்தில் ஓடவிடுங்கள். பூஜ்யத்திலிருந்து எண்ணி, க-ஆவது சுரம் ஒலிக்க வேண்டிய நேரம் க × 60000 ÷ 360 மில்லி விநாடி. இதை டபுளில் (பின்னங்களையும் ஏற்கும் எண் வகை) கணக்கிடுங்கள். 166 என்று முழு எண்ணாக்கி அடுக்காதீர்கள். சுரத்தை நிறுத்தும் நேரமும் இப்படியே, அதே இலக்குடன் 150ஐக் கூட்டினால் போதும். இலக்குக்கு 2 மில்லி விநாடி இருக்கும்வரை ஸ்லீப், மீதியைச் சும்மா சுற்றும் லூப்பில் கழியுங்கள். இதெல்லாம் தனி த்ரெட்டில் நடக்க வேண்டும். ஒரு சுரம் தாமதமானால் அது மட்டும் தாமதம். அடுத்தது தன் நேரத்தில் வந்து நிற்கும். தாளம் போடுகிறவர் ஒரு சுரம் நழுவினாலும் கையை நிறுத்துவதில்லை அல்லவா, அதே முறைதான்.

இடையில் வேகத்தை மாற்ற வேண்டுமென்றால், மாறும் கணத்தைப் புதிய தொடக்கமாக வைத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணுங்கள். பழைய தொடக்கத்தை வைத்துக்கொண்டு வகுக்கும் எண்ணை மட்டும் மாற்றினால் பாட்டு முன்னோ பின்னோ தாவும்.

மிடியை விட்டுவிட்டு அலையை நீங்களே உருவாக்குகிறீர்கள் என்றால் கடிகாரமே வேண்டாம். சாம்பிள்களை (அலையின் உயரத்தைக் கணத்துக்குக் கணம் சொல்லும் எண்கள்) எண்ணினால் போதும். விநாடிக்கு 44100 சாம்பிள் என்றால் 90 வேகத்தில் மூன்றாம் காலச் சுரம் 7350 சாம்பிள், இரண்டாம் காலம் 14700, முதல் காலம் 29400. மூன்றும் முழு எண்கள், மூன்றும் சரியான இரட்டிப்பு. வேறு வேகத்தில் பின்னம் வந்தால் சுரத்தின் நீளத்தை முழுதாக்காமல் அதன் தொடக்க இடத்தை முழுதாக்குங்கள்.

இந்த வழியில் போகிறவர்களும் ஓரிடத்தில் இடறுகிறார்கள். பஃபரின் (ஒலியட்டைக்கு ஒரே தடவையில் கொடுக்கும் சாம்பிள் தொகுதி) தொடக்கத்தில் மட்டும் “அடுத்த சுரத்துக்கு நேரமாகிவிட்டதா” என்று பார்க்கிறார்கள். பஃபர் 512 சாம்பிள் என்றால் 7350ஆவது இடம் பதினைந்தாவது பஃபருக்குள் 182 சாம்பிள் தள்ளி விழுகிறது. அங்கேயே சுரம் மாற வேண்டும். பஃபரின் முகப்புக்கு அதை இழுத்தால் ஒவ்வொரு சுரமும் 11.6 மில்லி விநாடி வரை முன்பின் ஆடும். மூன்றாம் காலத்தில் அந்த ஆட்டம் காதுக்குத் தெரியும்.

விண்டோஸ் ஃபார்ம்ஸ் டைமர்

அதன் துல்லியம் 55 மில்லி விநாடி. இசைக்கு வேண்டாம்.

பட்டனின் கிளிக் நிகழ்வுக்குள் முழு வரிசையையும் வாசிப்பது

வரிசை முடியும்வரை சாளரம் உறைந்துவிடும். “நிறுத்து” பட்டனையும் அழுத்த முடியாது.

கட்டையைச் சூத்திரத்தில் அடைப்பது

கட்டையை (பாடுகிறவரின் சுருதியைச் சொல்லும் எண்) மிடி எண்ணாக்க, ஓர் அடி எண்ணோடு கூட்ட வேண்டியதை (கட்டை − 1) × 2 என்று எழுதுகிறார்கள். 1, 1½, 2, 2½, 3 வரை ஒழுங்காக 0, 1, 2, 3, 4 வரும். 4 கட்டைக்கு 6 வரும். வர வேண்டியது 5. ஆர்மோனியத்தைப் பார்த்தால் காரணம் கண்ணெதிரே இருக்கிறது: 3க்கும் 4க்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது, எனவே 3½ என்ற சுருதியும் கிடையாது. 4 கட்டையிலிருந்து மேலே எல்லாமே ஒரு சுரத்தானம் ஏறிப்போகும். 5 கட்டையில் பாடுகிறவர் இந்த நிரலோடு சேர்ந்து பாடினால், தம் சுருதிதான் பிசகுகிறதோ என்று தம்மையே சந்தேகிப்பார். அதுதான் இதில் எனக்குப் பொறுக்காத விஷயம். சூத்திரத்தைத் தூக்கிவிட்டு அட்டவணை எழுதுங்கள்: 4 என்றால் 5, 4½ என்றால் 6, 5 என்றால் 7, 5½ என்றால் 8, 6 என்றால் 9, 6½ என்றால் 10, 7 என்றால் 11.

கூட்டுவதற்கான அடி எண் 48ஆக இருக்கட்டும். ஒரு கட்டையில் பாடும் ஆண்குரலின் மத்திய ஸட்ஜமம் 48, ஐந்து கட்டையில் பாடும் பெண்குரலுக்கு 55. 60ஐ அடியாக வைத்தால் எல்லாமே ஒரு ஸ்தாயி மேலே போய்விடும், கூடப் பாட முடியாது.

கமகமும் தம்புராவும் ஒரே சேனலில்

கமகத்துக்காகச் சுரத்தை அசைக்க மிடியில் பிட்ச் பெண்ட் என்ற செய்தி இருக்கிறது. 0 முதல் 16383 வரை, நடுநிலை 8192. வழக்கமான எல்லை மேலே இரண்டு சுரத்தானம், கீழே இரண்டு. ஒரு சுரத்தானம் மேலே இழுக்க 12288. அதை ஏழேழு பிட்டுகளாகப் பிரித்து 224, 0, 96 என்று அனுப்ப வேண்டும்.

இது ஒரு சுரத்தை மட்டும் அசைப்பதில்லை, அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லாவற்றையும் அசைக்கும். தம்புராவின் ஸட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் அதே சேனலில் வாசித்துக்கொண்டு காந்தாரத்துக்குக் கமகம் கொடுத்தால் சுருதியே ஆடும். கேட்பவருக்குக் கமகம் நடந்ததே தெரியாது, ஏனென்றால் எல்லாம் சேர்ந்து நகர்கிறது. தம்புராவுக்குச் சேனல் 0, பாட்டுக்குச் சேனல் 1 என்று பிரித்துவிடுங்கள். சேனல் 1க்குத் தொடங்கும் செய்தி 145, பெண்ட் 225. கமகம் முடிந்ததும் 8192க்குத் திரும்புங்கள். திரும்பாவிட்டால் அடுத்து வரும் பஞ்சமமும் அதே இழுப்போடு வரும்.

சேனல் 9

அது தாளவாத்தியத்துக்கு ஒதுக்கியது. குரல்களை 0 முதல் 15 வரை வரிசையாகச் சேனல்களில் போட்டுக்கொண்டே வந்தால் பத்தாவது குரலின் 60ஆம் சுரம் பாங்கோ மேளமாகக் கேட்கும்.

வாத்திய எண்ணில் ஒன்று கூடுவது

ஜெனரல் மிடி பட்டியல் 1இலிருந்து தொடங்குகிறது, அனுப்பும் எண் 0இலிருந்து. பட்டியலில் சிதார் 105. 105ஐ அப்படியே அனுப்பினால் வருவது பாஞ்சோ. 104 அனுப்புங்கள். வயலினுக்கு 41 அனுப்பினால் வியோலா வரும். இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் இந்தப் பிழை வெகுநாள் மறைந்தே கிடக்கும். பட்டியலில் வீணை இல்லை, தேட வேண்டாம்.

சுரம் மாறும் இடத்தில் கேட்கும் சொடுக்கு

அலையைத் தாமே உருவாக்குகிறவர்களுக்கு இது. சைன்(2π × அலைவெண் × நேரம்) என்று எழுதிவிட்டு அலைவெண்ணை மட்டும் மாற்றுகிறார்கள். மாறும் கணத்தில் அலை ஓர் உயரத்திலிருந்து தொடர்பில்லாத வேறோர் உயரத்துக்குத் தாவுகிறது. ஸ்பீக்கர் அந்தத் தாவலைச் சொடுக்காக ஒலிக்கிறது. ஒலியட்டையைக் குறை சொல்லிப் பயனில்லை.

கட்டக்கோணத்துக்கு (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற கோணம்) ஒரு மாறியை வைத்துக்கொண்டு, சாம்பிளுக்குச் சாம்பிள் 2π × அலைவெண் ÷ 44100ஐ அதோடு கூட்டுங்கள். அலைவெண் மாறினாலும் கோணம் விட்ட இடத்திலிருந்தே தொடரும். சுரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் 5 முதல் 10 மில்லி விநாடி, அதாவது 220 முதல் 441 சாம்பிளுக்குள், ஒலியளவைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றி, பூஜ்யத்துக்கு இறக்குங்கள். அலைவெண்ணை வழுக்கிக்கொண்டே போகும் ஜாருவும் இந்த ஒரே மாற்றத்தில் தானாகச் சரியாகிவிடும்.

நான்கு குரலையும் முழு ஒலியளவில் கூட்டுவது

நான்கு குரல் ஒன்றாக ஒலிக்கிறது என்றால் ஒவ்வொன்றையும் 0.25ஆல் பெருக்குங்கள். 16 பிட் எண்ணில் 32767ஐத் தாண்டினால் அது எதிர்மறைக்குச் சுழன்று காதைக் கிழிக்கும்.

ஒவ்வொரு சுரத்துக்கும் மிடி சாதனத்தைத் திறந்து மூடுவது

மூடும்போது ஒலித்துக்கொண்டிருப்பது வெட்டுப்படும்; திறக்கும்போது நேரம் போகும். நிரல் தொடங்கும்போது ஒருமுறை திறந்து, முடியும்போது ஒருமுறை மூடினால் போதும்.

நிறுத்தும்போது சுரத்தை விட்டுவிட்டுப் போவது

“நிறுத்து” அழுத்தினால் லூப்பை முறித்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அந்தக் கணத்தில் ஒலித்த சுரத்துக்கு 128 போகவே இல்லை. புல்லாங்குழல், வயலின் போன்ற வாத்தியமென்றால் அது ஒலித்துக்கொண்டே இருக்கும். அடுத்த முறை வாசிக்கும்போது பின்னணியில் ஏதோ ஒரு தைவதம் நிற்கும். லூப்பிலிருந்து எந்த வழியாக வெளியேறினாலும், பிழை வந்து வெளியேறினாலும், ஃபைனலி பகுதியில் ஒவ்வொரு சேனலுக்கும் 176 + சேனல் எண், 123, 0 என்று (எல்லாச் சுரத்தையும் நிறுத்தும் செய்தி) அனுப்புங்கள். பெண்ட்டை 8192க்குத் திருப்புவதும் அங்கேயே. சாளரத்தை மூடும் நிகழ்வில் முதலில் வாசிக்கும் த்ரெட் முடியக் காத்திருங்கள், பிறகு மிடிஅவுட்ரீசெட், கடைசியாக மிடிஅவுட்குளோஸ். வரிசை மாறினால், மூடிய சாதனத்துக்கு அந்த த்ரெட் இன்னொரு சுரத்தை அனுப்பப் பார்க்கும்.