உறை உரசாமல் வாளை உருவுவது

மரத்தூள்தான் காட்டிக்கொடுத்தது. இயாய்தோ என்னும் ஜப்பானிய வாள் உருவும் கலையின் பயிற்சியில் வாளை உருவும்போதெல்லாம் சர்ரென்று ஒரு சத்தம். உறையைக் கவிழ்த்துத் தட்டினால் தூள் கொட்டும். ஹோனோகி என்னும் மென்மையான மரத்தில் செய்த உறை, உரசினால் தேயத்தானே செய்யும்.

அனைத்து ஜப்பான் கெண்டோ (ஜப்பானிய வாள்சண்டை) கூட்டமைப்பு இயாய்தோவுக்கு வகுத்த 12 அடவுகளில் முதலாவது 'மாஏ'. மண்டியிட்ட நிலையிலிருந்து எழும்போதே வாளை உருவிக் கிடைமட்டமாக வெட்ட வேண்டும். வலக்கை பலத்தால் இழுத்தால் தோள்தான் மேலேறும். வேலை முழுக்க இடக்கையில் இருக்கிறது: கட்டைவிரலால் வாளின் கைக்காப்பை லேசாகத் தள்ளி, வாள்மீது உறைக்கு இருக்கும் பிடியைத் தளர்த்தி, வாள் முன்னே போகப் போக உறையைப் பின்னே இழுக்க வேண்டும். இதற்கு சாயாபிகி என்று பெயர். வாளின் வெட்டும் விளிம்பு மேல்நோக்கியே வரட்டும். நுனி வெளிவரும் சமயத்தில்தான் உறையையும் சேர்த்துப் பக்கவாட்டில் திருப்பணும். இடுப்பும் கூடவே திரும்பினால்தான் உறை போதுமான தூரம் பின்னால் போகும்.

மெதுவாக, வெட்டே இல்லாமல், உறை இழுப்பதை மட்டும் பழகினேன். சத்தம் நின்றது. இடக்கை விரல் உறைவாயைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கூரில்லாத உலோகக்கலவை வாள் என்றாலும் நுனி குத்தும்.